ஆவியானவர் வடக்கே போகச் சொன்னார்

சாம்பல் சேலைக்காரவளான்னுதானே கேக்கீய? கேளுங்க, தப்பில்லை. இந்தச் சேலையைப் பார்த்தா எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாவ. ஆமான்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம். சேலை அந்தச் சபைக்காரவியளது. உள்ள இருக்கவ நான். வேற சேலை எடுக்குத வரைக்கும் இப்படித்தான்.

நீங்க டீச்சரா? இல்லையா. கண்ணாடியைப் பார்த்துட்டுக் கேட்டேன். நல்லா நகந்து உக்காருங்க. பஸ்ஸு திருநெல்வேலி போய்ச் சேர எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். நானும் பேசி நாளாச்சு.

எங்கப்பா எனக்கு வச்ச பேரு சொர்ணபாய். இருபத்திநாலு வருஷத்துக்கு முந்தி, கல்யாணம் ஆன புதுசுல, எங்க வீட்டு அவியளைக் கூட்டிக்கிட்டு அந்தச் சபைக்குப் போனேன். குடின்னா அப்படியொரு குடி. சபையை நடத்துத எலியாசர் ஐயா தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனாவ. அன்னைக்கு விட்டதுதான், இன்னைக்கு வரைக்கும் தொடலை. அதை இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா என் பேர்ல தங்கம் இருக்கு, அது உலக ஆசைன்னு சொல்லி, ஞானஸ்நானத் தொட்டியில முக்கி எடுக்கும்போது லேயாள்னு மாத்திட்டாவ. எங்க வீட்டு அவிய பேரு பொன்ராஜ். அதுலயும் பொன்னு இருக்குல்லா? அதை ஒருத்தரும் மாத்தலை. ஆம்பளை பேர்ல இருந்தா அது தங்கம் இல்லை போல.

திசையன்விளைக்குத் தெக்க, செம்மணல் தேரிக்காட்டுல இருக்கு எங்க பாளயம். நாப்பது வீடு, ஒரு ஆலயம், பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், சுத்தி முள்கம்பி வேலி. இடம் பூரா சபையோடது. உலகம் உள்ள வராம இருக்கத்தான் வேலின்னு ஐயா சொல்லுவாவ. பூட்டு என்னமோ வெளிப்பக்கந்தான் தொங்கும்.

சட்டம்னு பார்த்தா, பூ கூடாது, நகை கூடாது, டிவி கூடாது. பொம்பளை ஆலயத்துல வாயைத் திறக்கக் கூடாது. மருந்து மாத்திரை கூடாது, அது விசுவாசக் குறைவு. ஐயா கண்ணாடி போட்டிருக்காவளேன்னு சின்னப் புள்ளையில என் மவ ஒரு தடவை கேட்டுட்டா. கண்ணாடி மருந்து இல்லை, கருவின்னாவ. பல்செட்டும் கருவிதான். பிரசவம்னா மட்டும் ஒரு கருவியும் ஆகாது. ரூபியம்மா வருவாவ. ரூபியம்மா யாருன்னா ஐயாவோட வீட்டம்மா. பாளயத்துல பொறந்த அத்தனை புள்ளையும் அவிய கையிலதான் பொறந்துச்சு. கையில ஒரு குப்பி எண்ணெய், நெஞ்சுல ஜெபம், அவ்வளவுதான்.

நான் மூணு பெத்தேன். மூத்தவ கெத்சியாள். கடைசி பெஞ்சமின். நடுவுல ஒருத்தன், ரெண்டு நாள் வலியில கெடந்து பெத்தேன், புள்ளை அழலை. கர்த்தருக்குத் தேவைப்பட்டான், எடுத்துக்கிட்டாருன்னு ஐயா சொன்னாவ. நானும் ஸ்தோத்திரம்னு சொன்னேன். அதை விடுங்க.

பெஞ்சமின் பொறந்தப்போ என் உசிரு தொண்டைக்குழி வரைக்கும் வந்துட்டுப் போச்சு. இன்னொண்ணு என்னால ஆகாதுன்னு எனக்கே தெரிஞ்சிட்டு. புள்ளை எத்தனைன்னு பொம்பளை தீர்மானிக்கக் கூடாதுன்னு சபையில சட்டம். சரி, நான் சபையில வச்சா தீர்மானிச்சேன்? உடன்குடியில எங்கக்கா இருக்கா. வத்தல் காயப்போட ஒத்தாசைக்குக் கூப்பிடுதான்னு சொல்லிட்டு ஒரு வாரம் போனேன். அங்கன அரசாங்க சுகாதார நிலையத்துல காப்பர் டி போட்டாவ. சின்னதா, செம்புக் கம்பி சுத்துனது. பத்து வருஷம் தாங்கும்னு நர்சம்மா சொல்லிச்சு. எங்க சபையில நகை போடக் கூடாது, சரிதான். வெளிய தெரியுத மாதிரிதானே போடக் கூடாது?

பத்து வருஷம் கழிச்சு, பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போறேன்னு சொல்லிட்டுப் போய்ப் புதுசு மாத்திட்டு வந்தேன். பாத்திரத்துக்கும் பூசிட்டுத்தான் வந்தேன், பொய் சொல்லப்படாதுல்லா.

சிரிக்கீய. இதுக்கே சிரிச்சா எப்படி? ரெண்டு புள்ளையோட நின்னு போச்சேன்னு ஐயாவுக்குக் கவலை வந்துட்டு. லேயாளோட கர்ப்பம் அடைபட்டிருக்கு, சத்துருவோட வேலை, சபை பூரா இருபத்தொரு நாள் உபவாசம்னு அறிவிச்சிட்டாவ. அத்தனை பேரும் எனக்காகப் பட்டினி. கடைசி நாள் என்னை நடுவுல உக்கார வச்சு, பொம்பளைய எல்லாரும் என் வயித்துல கையை வச்சு அழுதாவ. திறவும் ஆண்டவரே, திறவும் ஆண்டவரேன்னு ஐயா மைக்ல கத்துதாவ. நானும் கண்ணை மூடி உருக்கமா ஜெபம் பண்ணுனேன். ஆண்டவரே, இந்தக் கம்பி நழுவிராமப் பார்த்துக்கிடும்னுதான். பார்த்துக்கிட்டாரு. அவரு கேக்குத சாமிதான், எனக்கு அதுல சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் வச்சு நான் அடங்காதவன்னு நெனச்சிராதீய. சபை சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதே கிடையாது. சொல்லாமப் போனது வேற, எதிர்ச்சொல் வேற.

போன வருஷம் கெத்சியாளுக்கு இருபத்தோரு வயசு. பாளயத்துலயே ஆசேர்னு ஒரு பையன், சபை வண்டி ஓட்டுதவன், நல்ல பிள்ளை. ஆனா ஐயா நில்லுன்னா நிப்பான், இருன்னா இருப்பான். அவனுக்கு அதுக்கு முந்துன வருஷமே கட்டிக்குடுத்திருந்தோம். ஆடி மாசம் அவளுக்கு வலி கண்டுச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். திங்கள் பூரா வலி. செவ்வாக்கிழமை காலையில பார்த்தா புள்ளை முகம் வெளுத்துப்போய்க் கெடக்கு. வெளிய முத்தத்துல பாளயமே கூடிப் பாடிக்கிட்டு இருக்கு. ஐயா வந்து நெத்தியில எண்ணெய் பூசி, விசுவாசம் மகளே விசுவாசம்னுட்டுப் போனாவ.

பத்து மணி இருக்கும். ரூபியம்மா குனிஞ்சு பார்த்தாவ. பார்த்துட்டு நிமிரவே இல்லை. நான் பக்கத்துல போனேன். பனிக்குடத் தண்ணி பச்சையா வந்திருந்துச்சு.

"லேயாள்," மெல்லத்தான் சொன்னாவ, "உன் ரெண்டாவதுக்கு வந்த மாதிரியே இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாவ. ஆஸ்பத்திரின்னு அவிய வாய்ல வராது. முப்பது வருஷமா அந்த வாயைப் பூட்டி வச்சிருக்கு. ஆனா என் கையைப் பிடிச்சாவ பாருங்க, நகம் பதிஞ்சிட்டு.

நான் வெளிய வந்தேன். எங்க வீட்டு அவிய வேப்பமரத்தடியில கண்ணை மூடிக்கிட்டு இருக்காவ. "ஏங்க, புள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவோம்"னேன். கண்ணைத் திறக்காமலே, "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ"ன்னாவ. நல்ல மனுசன்தான். ஆனா அவியளை நம்பி ஒரு பஸ்ஸைக் கூடப் பிடிக்க முடியாது.

ஐயாகிட்ட நான் எப்படிக் கேக்க? கூட்டத்துல பொம்பளை பேசக் கூடாதே. பேசுனா ஆம்பளைய சத்தமா ஸ்தோத்திரம் சொல்லி அமுக்கிருவாவ. அந்த நேரத்துலதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. பொம்பளை பேசலாம்னு ஒரே ஒரு இடம் உண்டு. ஆவியில நிறைஞ்சு, யாருக்கும் புரியாத அந்நியபாஷை பேசுனா ஒருத்தரும் தடுக்கக் கூடாது. அது அவ பேசுதது இல்லை, ஆவியானவர் பேசுதது.

நான் முத்தத்து நடுவுல போய் முழங்கால் போட்டேன். கையைத் தூக்குனேன். வாயைத் திறந்தா ஒண்ணுமே வரலை. சும்மா ஒருநாள் கூட எனக்கு அந்த வரம் வந்தது இல்லை, அன்னைக்கு மட்டும் எங்க இருந்து வரும்? ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னுதான் மனசு ஓடுது. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு ஓடுது. கண்டக்டர் கத்துதது காதுல கேக்குது. அப்படியே வாய்ல வந்துட்டு.

"இட்டமொழி! பரப்பாடி! பரப்பாடி நாங்குநேரி மூன்றடைப்பூ! ஷபா ஷபா பொன்னாக்குடீ!"

ஆமா, இந்த பஸ்ஸு போற ஊருதான். இட்டமொழின்னு இதோ போர்டு போட்டிருக்கு, பாருங்க. அந்த ஊருக்கே அந்நியபாஷை மாதிரித்தான் பேரு வச்சிருக்காவ. நான் சும்மா சொல்லலை, ஆடி ஆடிச் சொன்னேன், அழுது அழுது சொன்னேன், தலைமுடி அவுந்து போச்சு. பாட்டு நின்னுட்டு. எல்லாரும் என்னையே பார்க்காவ. ஐயா முகத்துல சந்தேகம். "இதுக்கு வியாக்கியானம் யாரு சொல்லுதது?"ன்னாவ. அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்ல ஒரு ஆளு வேணும், அது சபை ஒழுங்கு. இல்லைன்னா அது செல்லாது.

உள்ள இருந்து கெத்சியாள் கத்துத சத்தம் மட்டும் கேக்குது.

அப்பதான் வாசல்ல ரூபியம்மா வந்து நின்னாவ. முழங்கை வரைக்கும் ஈரம். கண்ணை மூடிக்கிட்டு, கணீர்னு ஒரு குரல் பாருங்க, அப்படியொரு குரல் அவியளுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது.

"ஆவியானவர் சொல்லுகிறார்! எழுந்து வடக்கே போ என்கிறார்! தாமதியாதே என்கிறார்! இரதத்தில் ஏறிப் போ என்கிறார்!"

இரதம்னா சபை வண்டி. ஆசேர் அழுதுக்கிட்டு நிக்கான், ஐயா மூஞ்சைப் பார்க்கான், ரூபியம்மா மூஞ்சைப் பார்க்கான். நான் கையைத் தூக்கி இன்னொரு தடவை "மூன்றடைப்பூ"ன்னேன். பய ஓடிப்போய் வண்டியை எடுத்துட்டான்.

நானும் ரூபியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியுமாச் சேர்ந்து புள்ளையைத் தூக்கிப் போட்டோம். கிளம்புத அவசரத்துல ஆசேர் எதையோ தட்டிட்டான், வண்டிக் கூரையில கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய்ல பாட்டு ஆரம்பிச்சிட்டு. நிறுத்துத சுவிட்சு வேலை செய்யலை. திருநெல்வேலி வரைக்கும் பாட்டுதான். நாங்குநேரியில கிறிஸ்துமஸ் பவனின்னு நெனச்சு ஒரு ஆளு கை காட்டுதாரு. ஆடி மாசத்துல. மடியில புள்ளை தலையை வச்சுக்கிட்டு எனக்கு அழுகையும் வருது, அந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பும் வருது.

ஆபரேஷன் பண்ணி எடுத்தாவ. பொம்பளைப் புள்ளை. முதல்ல அழலை. பொறவு உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, பூனைக்குட்டி மாதிரி. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்துச்சு. என் மவளைவிட நாலு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். என்னை நல்லா ஏசிச்சு. "ரெண்டு நாள் என்னம்மா பண்ணுனீங்க? உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாருக்கும் இப்படி ஆனது இல்லையா?"ன்னு கேட்டுச்சு. எனக்குத்தான் ஆச்சுன்னேன். பச்சைத் தண்ணி, ரெண்டு நாள், ஆம்பளைப் புள்ளை, எல்லாம் சொன்னேன். "அந்த ரெண்டு நாள்ல எப்ப வந்திருந்தாலும் காப்பாத்தியிருப்பாங்கம்மா. அரைமணி நேர வேலை"ன்னு சொல்லிச்சு. அது மனசறிஞ்சு சொல்லலை, பாவம், வாய் தவறி வந்துட்டு. உடனே என் தோள்ல கையை வச்சுச்சு.

அரைமணி நேரம்.

பத்தொம்பது வருஷமா கர்த்தருக்குத் தேவைப்பட்டான், கர்த்தருக்குத் தேவைப்பட்டான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அவருக்கு எதுக்குத் தேவை? அவரு வச்சிருக்காரு ஆயிரம் தூதரு. எனக்குல்லா தேவை.

சரி விடுங்க. அந்த ஆஸ்பத்திரியில இன்னொரு அநியாயம் நடந்துச்சு, அதைக் கேளுங்க. என் மவகிட்ட அந்த நர்சுங்க என்னமோ பேசி, ஆபரேஷன் பண்ணும்போதே காப்பர் டி போட்டு அனுப்பிட்டாவ. இவளும் சரின்னு தலையாட்டியிருக்கா. பெத்த தாய், வெளிய தரையில கெடக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை! ஆறு மாசம் கழிச்சு வாய்ப்பேச்சுல தெரியுது. "ஏட்டி, இவ்வளவு பெரிய காரியத்தை யாருக்கும் தெரியாமச் செய்வியா, இந்தக் கள்ளத்தனம் எங்க இருந்துட்டி வந்துச்சு உனக்கு"ன்னு கேட்டேன். என்னையே பார்த்துச் சிரிக்கா. நீங்களும் சிரிக்கீய. இதுல சிரிக்க என்ன இருக்கு? ஒரு பேரன் பொறந்த பொறவு போட்டிருக்கலாம்லா?

ஊருக்குத் திரும்பி வந்ததும் ஐயா கூப்பிட்டு விட்டாவ. "ஆவியானவர் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரா?" "இல்லை ஐயா. வடக்கே போகத்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரி வடக்கே இருந்தா நான் என்ன செய்ய?" ரூபியம்மா கதவு மறைவுல நின்னு இருமுனாவ. ஐயாவால என்னைப் பொய்யின்னு சொல்ல முடியலை. சொன்னா அவிய வீட்டம்மாவும்லா பொய்யாயிரும்? அதனால வேற தண்டனை குடுத்தாவ. வருஷாவருஷம் அசனம் நடக்கும், சபையே சேர்ந்து உக்காந்து சாப்பிடுத விருந்து. அதுல ஆட்டுக்கறிக் குழம்பு பதினெட்டு வருஷமா என் கைப்பக்குவம். இனி அடுப்படிப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாவ. எதை மன்னிச்சாலும் இதை மன்னிக்க மாட்டேன் பாத்துக்கிடுங்க. அந்த வருஷக் குழம்பை நாய் மோந்து பார்த்துட்டுப் போச்சு.

அதுக்குப் பொறவு ஒரு வேடிக்கை. பாளயத்துல எவளுக்கு வலி கண்டாலும் ஆவியானவர் எறங்கிருதாரு. நாலு மாசத்துல மூணு பேருக்கு. மூணு தடவையும் வடக்கேதான் போகச் சொல்லுதாரு. வியாக்கியானம் ரூபியம்மா. கிழக்கே கடல் இருக்கு, மேற்கே மலை இருக்கு, அங்கெல்லாம் ஒரு தடவை கூட அனுப்பலை. மூணு புள்ளையும் நல்லபடியாப் பொறந்து வந்துச்சு.

ஐயாவுக்குப் புரியாமப் போகுமா? தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மைக்ல நின்னாவ. இனிமே பெண்கள் அந்நியபாஷை பேசக் கூடாது, அது வஞ்சிக்கிற ஆவின்னாவ. அதோட விட்டிருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். என் பேத்தியை ஆசேர் கையில இருந்து வாங்கி உசரத் தூக்கிக் காமிச்சு, "இந்தப் பிள்ளை என் ஜெபத்தினால் பிழைத்தது, நான் பூசின எண்ணெயினால் பிழைத்தது"ன்னாவ. எல்லாரும் ஸ்தோத்திரம்னாவ. எங்க வீட்டு அவியளும் ஸ்தோத்திரம்னாவ.

எப்படி எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியாது. எந்திரிச்சு நிக்கேன். கையைத் தூக்கலை, ஆடலை. தமிழ்லதான் பேசுனேன்.

"ஐயா, இந்தப் புள்ளை உங்க எண்ணெயில பொழைக்கலை. என் ரெண்டாவது புள்ளைக்கும் அதே எண்ணெயைத்தான் பூசுனீய. அவன் அரைமணி நேர வேலையில பொழைச்சிருப்பான்."

ஆம்பளைய சத்தமா ஸ்தோத்திரம் போட ஆரம்பிச்சாவ. ஐயா கையைக் காட்டி அமத்தி, "பெண் சபையில் பேசலாகாது. வெளியே போ"ன்னாவ.

"போறேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். அவனை நீங்கதான் அடக்கம் பண்ணுனீய. அவன் பேரு என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

தெரியாது அவியளுக்கு. எத்தனையோ அடக்கம் பண்ணுனவிய, எல்லாம் நெனைவுல நிக்குமா?

பொம்பளைய பக்கத்துல இருந்து ஒரு குரல் வந்துச்சு. "ஓபேத்."

ரூபியம்மா. எந்திரிச்சு நின்னுட்டாவ. "ஓபேத். ஒரு வெள்ளிக்கிழமை பொறந்தான். என் கையில பொறந்தான்."

பின்வரிசையில ஒருத்தி எந்திரிச்சா, இல்ல எந்திரிக்கக் கூட இல்லை, உக்காந்த வாக்குலயே "செலின்"னா. அவ பறிகொடுத்த மூத்தது. அடுத்து இன்னொருத்தி, "என் புள்ளைக்குப் பேரு வைக்கலை, நான் மட்டும் ராசாத்தின்னு கூப்பிடுவேன்"னா. அப்புறம் அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஐயா மைக்கைப் பிடிச்சுப் பாட்டு எடுத்தாவ. பாட்டுக்குள்ளயும் பேரு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எத்தனை பேருன்னு நான் எண்ணலை. எண்ண மனசு வரலை.

அந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. நான் மறுநாளே கிளம்பிட்டேன். பெஞ்சமின் ஏற்கெனவே எங்கக்கா வீட்ல இருந்துதான் படிக்கான். கெத்சியாளும் ஆசேரும் திருநெல்வேலிக்குப் போயிட்டாவ, அவன் அங்கன லாரி செட்ல வண்டி ஓட்டுதான். பேத்தியைப் பார்க்கத்தான் இப்பப் போறேன். நான் திசையன்விளையில ஒரு ரூம் எடுத்து இட்லி போடுதேன். ரூபியம்மா அங்கதான் இருக்காவ. எங்க போவாவ, அவிய வீடுல்லா அது. ஆனா ஒண்ணு, இப்பம் எவளுக்கு வலி கண்டாலும் அவியளே போய் ஆட்டோவைக் கூட்டிட்டு வாராவளாம். ஐயா பேசாம ஜெப அறைக்குள்ள போயிருதாவளாம்.

எங்க வீட்டு அவியளா? நான் கிளம்பும்போது கூட வரலை. வரமாட்டேன்னு சொல்லலை, யோசிச்சுச் சொல்லுதேன்னாவ. யோசிக்கட்டும்னுட்டு வந்துட்டேன். எட்டாம் நாள் மத்தியானம் ரூம் வாசல்ல வந்து நிக்காவ, கையில ஒரு துணிப்பை.

"ஐயா போகச் சொன்னாவளா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. பசிக்குது"ன்னாவ.

சோறு போட்டேன். குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிட்டாவ. சாப்பிட்டு முடிச்சதும் எந்திரிச்சு, தட்டைக் கையில எடுத்துக்கிட்டு, குழாய் எங்க இருக்குன்னு கேட்டாவ. காட்டுனேன். அவியளே கழுவிக் கவுத்தி வச்சாவ.

சரியாக் கழுவலை. எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்துச்சு. அவிய தூங்குன பொறவு, சத்தம் கேக்காம, நான் திரும்ப ஒரு தடவை கழுவி வச்சேன்.